டீச்சரிடம் கேளுங்கள்: பாடசாலைக்குப் புள்ளி போடுவது எப்படி?

தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறு வெளிவந்ததிலிருந்து எனக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே விடயத்தைத்தான் கேட்கின்றன. எது நல்ல பாடசாலை, அதைத் தீர்மானிப்பது யார்? கணித ஆசிரியையாகத் தொடங்கி, இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையின் அதிபராக ஓய்வுபெற்றவள் நான். இந்தக் கேள்வியோடு பல காலம் மல்லுக்கட்டியிருக்கிறேன். ஆகவே இந்த மாதப் பக்கங்களை முழுவதுமாக இதற்கே ஒதுக்குகிறேன். மற்றக் கடிதங்களுக்கு அடுத்த இதழில் பதில் எழுதுவேன்.

*

கேள்வி: டீச்சர், எனது மகள் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டாள். எங்கள் தோட்டப் பாடசாலையில் தரம் 11 வரை இருக்கிறது. அங்கே சாதாரண தரத்தில் பாதிப் பேர்தான் சித்தி. டவுனுக்குப் போகும் வழியில் இருக்கும் இன்னொரு பாடசாலையின் வாசலில் 89 வீதம் சித்தி என்று பதாகை கட்டியிருக்கிறார்கள். பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார், நான் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறேன். பிள்ளையை எங்கே சேர்ப்பது?
– ஒரு தாய், நோர்வூட்

பதில்: தங்கச்சி, அந்தப் பதாகையில் வீதம் இருக்கிறது, எத்தனை பேரில் அந்த வீதம் என்பது இல்லை. அதை விசாரிக்காமல் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்க்காதீர்கள்.

முதலில் அந்த வீதம் எதைக் குறிக்கிறது என்று சொல்கிறேன். சாதாரண தரத்தில் பிள்ளைகள் 9 பாடங்களுக்குத் தோற்றுகிறார்கள். 35 புள்ளி எடுத்தால் 'எஸ்', அது சாதாரண சித்தி. 50 எடுத்தால் 'சி', அது திறமைச் சித்தி. தாய்மொழியும் கணிதமும் உட்பட 6 பாடங்களில் சித்தியடைந்து, அவற்றில் 3 பாடங்களிலாவது திறமைச் சித்தி பெற்றால் உயர்தரம், அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்திய வகுப்புகள், கற்கத் தகுதி என்பது வழக்கமான விதி. பாடசாலைகள் பதாகையில் போடுவது பெரும்பாலும் இந்தத் தகுதி பெற்றவர்களின் வீதத்தைத்தான். கூட்டங்களில் அதிபர்களை எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்பதும் இதே எண்ணை வைத்துத்தான்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். இரண்டு தோட்டப் பாடசாலைகள். இரண்டிலும் ஒரே ஆண்டில் 60 பிள்ளைகள் தரம் 1 இல் சேர்ந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது பாடசாலையில் 34 பேர் தரம் 11 வரை வந்து பரீட்சை எழுதினார்கள், 17 பேர் தகுதி பெற்றார்கள். அது 50 வீதம். இரண்டாவதில் 18 பேர் மட்டுமே எழுதினார்கள், 16 பேர் தகுதி. அது 89 வீதம். பதாகை கட்டுவது இரண்டாவது பாடசாலை. ஆனால் சேர்ந்த 60 பேரில் எத்தனை பேரை உயர்தரத்துக்கு அனுப்பியது என்று பார்த்தால், முதலாவது 17, இரண்டாவது 16. இரண்டாவது பாடசாலையின் 42 பிள்ளைகள் பரீட்சை மண்டபத்துக்கே வரவில்லை. சிலர் வேறு பாடசாலைக்கு மாறிப் போயிருக்கலாம். மற்றவர்கள் எங்கே என்று நமக்குத் தெரியும். கொழும்பில் புடவைக் கடையில் நிற்கிறார்கள், ஹோட்டலில் மேசை துடைக்கிறார்கள், யாரோ ஒருவருடைய வீட்டில் குழந்தை பார்க்கிறார்கள். அந்தப் பிள்ளைகளைக் கணக்கில் சேர்க்காத எந்த அளவையும் நான் அளவு என்று ஏற்றுக்கொள்ளமாட்டேன்.

நகரத்துப் பெரிய பாடசாலைகளின் விடயம் வேறு. அங்கே தரம் 6 இல் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளி தாண்டிய பிள்ளைகள் வந்து சேர்கிறார்கள். நமது தோட்டங்களிலிருந்து கெட்டிக்காரப் பிள்ளைகள் அங்கே போகிறார்கள், போகத்தான் வேண்டும். ஆனால் ஐந்து ஆண்டுகள் கழித்து இரண்டு பாடசாலைகளின் பெறுபேற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றை நல்லது, மற்றதைக் கூடாதது என்று சொல்வது எந்த நியாயம்? கொழுந்து நிறுக்கும் இடத்தில்கூடச் சாக்கின் எடையைக் கழித்துவிட்டுத்தான் பெயருக்கு எதிரே எழுதுகிறார்கள். பாடசாலைகளை நிறுக்கும்போது மட்டும் யாரும் எதையும் கழிப்பதில்லை.

அதிபராக இருந்த காலத்தில் நான் ஒரு சி.ஆர். கொப்பி வைத்திருந்தேன். இடது பக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தரம் 5 இல் எடுத்த புள்ளி. வலது பக்கத்தில் அதே பிள்ளையின் சாதாரண தரப் பெறுபேறு. புலமைப்பரிசில் பரீட்சையில் 60, 65 எடுத்த பிள்ளை, அதாவது இரண்டு வினாத்தாளுக்கும் சேர்த்து 200 இல் 70 ஐக்கூட எட்டாத பிள்ளை, சாதாரண தரத்தில் ஆறு பாடம் சித்தியடைந்து நின்றால், அந்த வரிக்குக் கீழே சிவப்புப் பேனாவால் கோடு போடுவேன். அந்தக் கோடுகள்தான் எங்கள் ஆசிரியர்களின் உழைப்பு. வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பும் எந்தப் படிவத்திலும் அதை எழுத ஒரு கட்டம் இருக்கவில்லை.

இன்னொன்று. சிறிய பாடசாலையில் வீதம் சட்டென்று ஏறும், சட்டென்று இறங்கும். 20 பேர் எழுதும் இடத்தில் ஒரு பிள்ளை 5 வீதம். பரீட்சைக் காலத்தில் இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் பாடசாலை 10 வீதம் "வீழ்ந்துவிட்டது" என்று பேசுவார்கள். ஓர் ஆண்டின் எண்ணை நம்பாதீர்கள். மூன்று ஆண்டுகளைச் சேர்த்துக் கேளுங்கள்.

உங்கள் மகளின் விடயத்துக்கு வருகிறேன். இரண்டு பாடசாலைகளுக்கும் நேரில் போங்கள். தரம் 6 இல் எத்தனை பேர் சேர்ந்தார்கள், தரம் 11 இல் எத்தனை பேர் எழுதினார்கள் என்று கேளுங்கள். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் மூன்றுக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். பெயர்ப் பட்டியலில் இருந்தால் போதாது. நியமனம் தோட்டப் பாடசாலைக்கு, தற்காலிக இணைப்பில் வேலை டவுனில் என்று இருப்பவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். ஆள் வகுப்பில் நிற்கவேண்டும். உங்கள் தோட்டப் பாடசாலையில் இந்த மூவரும் நின்றால், மகளைச் சாதாரண தரம் வரை அங்கேயே படிக்க விடுங்கள். நீங்கள் வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்தில் பிள்ளை வீட்டில் இருப்பாள், பஸ்ஸில் போகும் நேரம் படிப்புக்கு மிஞ்சும். கணிதத்துக்கு ஆள் இல்லையென்றால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

*

கேள்வி: 1 ஏபி, 1 சி, வகை 2, வகை 3 என்கிறார்களே, இது பாடசாலைகளின் தரவரிசையா? எங்கள் பாடசாலை வகை 2. அப்படியென்றால் இரண்டாம் தரமா?
– ஒரு தந்தை, பசறை

பதில்: இல்லை. இது எந்த வகுப்பு வரை, எந்தப் பிரிவு வரை கற்பிக்கப்படுகிறது என்பதைச் சொல்லும் வகைப்படுத்தல் மட்டுமே. உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ளவை 1 ஏபி. உயர்தரத்தில் கலை, வர்த்தகப் பிரிவுகள் இருந்து விஞ்ஞானப் பிரிவு இல்லாதவை 1 சி. தரம் 11 வரை உள்ளவை வகை 2. ஆரம்ப வகுப்புகளோடு, அல்லது தரம் 8 வரை நிற்பவை வகை 3. நாட்டில் 10,000 ஐத் தாண்டிய அரச பாடசாலைகள் எல்லாம் இந்த நான்குக்குள் வந்துவிடும்.

தேசிய பாடசாலை, மாகாணப் பாடசாலை என்பது யார் நிர்வகிக்கிறார்கள் என்பதைக் குறிக்கும். 1987 இல் 13 ஆவது திருத்தத்தின் மூலம் கல்வி மாகாண சபைகளுக்குப் பகிரப்பட்டபோது சில பாடசாலைகள் மத்திய அமைச்சின் கீழ் நின்றன. இன்று அப்படி ஏறக்குறைய 400 இருக்கின்றன. கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்ற பிரிப்பும் உண்டு, அது ஆசிரியர் இடமாற்றத்துக்காகவும் கொடுப்பனவுக்காகவும் செய்தது. இவற்றில் எதுவும் உங்கள் பிள்ளையின் வகுப்பறையில் பாடம் எப்படி நடக்கிறது என்று சொல்லாது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வகைப்படுத்தல் தரவரிசை அல்ல என்றாலும், அது பிள்ளையின் பாதையைத் தீர்மானித்துவிடுகிறது. மலையகத்தில் தமிழ்மொழிமூல 1 ஏபி பாடசாலைகள் குறைவு. வகை 2 பாடசாலையில் படிக்கும் பிள்ளை விஞ்ஞானம் படிக்க விரும்பினால் ஊரை விட்டுப் போகவேண்டும், விடுதி தேடவேண்டும், செலவு பார்க்கவேண்டும். அந்த இடத்தில் எத்தனையோ பெண் பிள்ளைகள் விஞ்ஞானத்தைக் கைவிட்டுக் கலைப் பிரிவுக்குத் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன்.

*

கேள்வி: நான் புதிதாக நியமனம் பெற்ற ஆசிரியன். அடுத்த மாதம் எங்கள் பாடசாலைக்கு வெளிவாரி மதிப்பீட்டுக் குழு வருகிறது. கோவைகளை எல்லாம் ஒழுங்குபடுத்துகிறோம். ஒரு பாடத்தை முன்கூட்டியே பழக்கி வைத்து, குழு வரும்போது நடத்தும்படி மூத்த ஆசிரியர் ஒருவர் சொல்கிறார். என்ன செய்வது?
– ஓர் ஆசிரியர், மஸ்கெலியா

பதில்: தம்பி, பழக்கி வைத்த பாடத்தை நடத்தாதீர்கள். பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் கை உயர்த்தினால் அனுபவமுள்ள எந்தப் பணிப்பாளருக்கும் புரிந்துவிடும். அதைவிட, பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்கும் முதல் ஏமாற்று அதுவாகிவிடும்.

மதிப்பீட்டு முறையைப் புரிந்துகொண்டால் பயம் போய்விடும். பாடசாலை முதலில் தன்னைத் தானே மதிப்பிட வேண்டும், அது உள்ளக மதிப்பீடு. பின்னர் வெளியிலிருந்து குழு வந்து பார்க்கிறது. மாணவர் அடைவு, கற்றல் கற்பித்தல், இணைப்பாட விதானச் செயற்பாடுகள், மாணவர் நலன், தலைமைத்துவமும் முகாமைத்துவமும், பௌதிக வளம், சமூகத்தோடான தொடர்பு என்று பல துறைகளைப் பார்க்கிறார்கள். பரீட்சைப் பெறுபேறு அவற்றில் ஒன்றுதான். இந்த முறை எனக்குப் பிடித்தது, காரணம் இதுதான்: பரீட்சை எண் சொல்லாததை ஒரு மனிதர் வகுப்பில் உட்கார்ந்து பார்த்துச் சொல்லலாம். நூலகத்தின் பூட்டு துருப்பிடித்திருக்கிறதா, பெண் பிள்ளைகளின் கழிவறையில் தண்ணீர் வருகிறதா, மதிய உணவு எப்படி இருக்கிறது, அதிபரைக் கண்டால் பிள்ளைகள் ஒதுங்குகிறார்களா கிட்ட வருகிறார்களா.

பிரச்சினை, குழு அறிக்கை எழுதிவிட்டுப் போன பிறகு வருகிறது. "விஞ்ஞான ஆய்வுகூடம் இல்லை" என்று எழுதுவார்கள். அடுத்த முறை வந்தும் அதையே எழுதுவார்கள். பாடசாலைக்கு ஆய்வுகூடம் கட்ட அதிகாரமும் இல்லை, பணமும் இல்லை. ஆகவே உங்கள் அதிபரிடம் சொல்லுங்கள்: சென்ற முறை குழு சுட்டிக்காட்டிய குறைகளில் பாடசாலையால் தீர்க்கக்கூடியவை எவை, வலயமும் மாகாணமும் தீர்க்கவேண்டியவை எவை என்று இரண்டு தாள்களாகப் பிரித்து, குழு வந்து அமர்ந்ததும் மேசையில் வைக்கட்டும். இரண்டாவது தாளை அறிக்கையோடு இணைக்கும்படி கேட்கட்டும்.

உங்களிடமும் ஒரு தாள் இருக்கட்டும். வரவு இடாப்பை எடுத்து, எந்தெந்த நாட்களில் பிள்ளைகள் குறைகிறார்கள், ஏன் என்று எழுதுங்கள். சம்பள நாள், தேர்த் திருவிழா, மழையில் பாலம் தாண்ட முடியாத நாள். ஒவ்வொன்றுக்கும் நீங்கள் என்ன செய்தீர்கள் என்றும் எழுதுங்கள். எந்தக் கோவையை விடவும் அது உங்களைப் பற்றி நன்றாகப் பேசும்.

*

கேள்வி: எனது அண்ணன் குடும்பம் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கிறது. அங்கே ஒவ்வோர் அரச பாடசாலைக்கும் மாநிலம் ஏ, பி, சி, டி, எஃப் என்று தரம் கொடுத்து இணையத்தில் போடுகிறதாம். யாரும் பார்க்கலாமாம். நமது நாட்டில் ஏன் அப்படி இல்லை? இருந்தால் நமது தோட்டப் பாடசாலைகள் திருந்தாதா?
– வாசகி, ஹட்டன்

பதில்: நீங்கள் கேட்ட கேள்வி பெரியது, ஆகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

டெக்சாஸின் இந்த முறைக்கு 2015 இல் சட்டம் வந்தது, 2017 இல் திருத்தினார்கள். 2018 இல் கல்வி மாவட்டங்களுக்கும் (ஒரு பகுதியின் அரச பாடசாலைகளை நிர்வகிக்கும் அமைப்புகள்) 2019 இல் தனித்தனிப் பாடசாலைகளுக்கும் எழுத்துத் தரம் வழங்கத் தொடங்கினார்கள். மூன்று பகுதிகளைப் பார்க்கிறார்கள். முதலாவது மாணவர் அடைவு. மாநிலப் பரீட்சையில் எத்தனை பேர் எந்த நிலையை எட்டினார்கள் என்பதோடு, உயர்நிலைப் பாடசாலையாக இருந்தால் எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள், கல்லூரிக்கோ தொழிலுக்கோ தயாராக இருக்கிறார்களா என்பதும் சேரும். இரண்டாவது முன்னேற்றம். அதே பிள்ளை சென்ற ஆண்டு எங்கே நின்றது, இந்த ஆண்டு எங்கே நிற்கிறது என்று பார்க்கிறார்கள். வறிய குடும்பத்துப் பிள்ளைகள் இதே அளவு படிக்கும் மற்றப் பாடசாலைகளோடும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். மூன்றாவது இடைவெளி. வறிய பிள்ளைகள், ஆங்கிலம் வீட்டு மொழியாக இல்லாத பிள்ளைகள், விசேட தேவையுள்ள பிள்ளைகள் என்று தனித்தனியாகப் பிரித்து, அவர்கள் பின்தங்கிவிட்டார்களா என்று பார்க்கிறார்கள். அடைவு, முன்னேற்றம் இரண்டில் எது கூடுதலோ அதற்கு 70 வீதமும், இடைவெளிக்கு 30 வீதமும் கொடுத்து ஓர் எழுத்தாக்குகிறார்கள்.

இதில் முன்னேற்றம் என்ற பகுதியை நான் இரண்டு கையாலும் வரவேற்கிறேன். நோர்வூட் தாய்க்குச் சொன்னேனே, எனது சி.ஆர். கொப்பி, அதை ஒரு மாநிலமே முறையாகச் செய்கிறது. வறுமை ஒத்த பாடசாலைகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதும் நியாயம். நமது நாட்டில் தரம் 5 புள்ளியும் சாதாரண தரப் பெறுபேறும் ஒரே பரீட்சைத் திணைக்களத்திடம் இருக்கின்றன. ஒவ்வொரு பிள்ளையின் இரண்டு பெறுபேறுகளையும் இணைத்து, எந்தப் பாடசாலை எந்த இடத்தில் தொடங்கிய பிள்ளைகளை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று சொல்லலாம். அப்படி ஓர் அறிக்கை வந்தால் லிந்துலையிலும் அக்கரப்பத்தனையிலும் இருக்கும் சில சின்னப் பாடசாலைகளின் பெயரை நாடே கேட்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் அந்த எழுத்தை நான் வேண்டாம் என்பேன். மூன்று பகுதிகளைப் பார்த்து அக்கறையாகச் சேகரித்த அத்தனை விபரமும் கடைசியில் ஒரே எழுத்துக்குள் போய் மறைந்துவிடுகிறது. ஊரார் எழுத்தை மட்டும்தான் பார்ப்பார்கள். எஃப் வாங்கிய பாடசாலையிலிருந்து வசதியுள்ள பெற்றோர் முதலில் வெளியேறுவார்கள். மிஞ்சுவது போக வழியற்ற பிள்ளைகள். அடுத்த ஆண்டு எழுத்து இன்னும் கீழே போகும்.

எழுத்தின் பின்னால் தண்டனையும் இருக்கிறது. ஒரு பாடசாலை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் மோசமான தரம் வாங்கினால், அதை மூடவேண்டும் அல்லது அந்தக் கல்வி மாவட்டத்தின் தெரிவுசெய்யப்பட்ட சபையின் இடத்தில் மாநிலம் நியமிக்கும் குழுவை அமர்த்தவேண்டும் என்பது அந்த மாநிலச் சட்டம். ஹூஸ்டன் நகரக் கல்வி மாவட்டத்தை 2023 இல் மாநிலம் அப்படித்தான் கையேற்றது. ஒரே ஓர் உயர்நிலைப் பாடசாலையின் தொடர்ச்சியான குறைந்த தரம் அதற்குத் தொடக்கமாக இருந்தது. 2023 ஆம் ஆண்டுக்கான தரங்களைக் கணிக்கும் அளவுகோலை மாநிலம் இறுக்கியபோது பல கல்வி மாவட்டங்கள் நீதிமன்றம் போயின. அந்த ஆண்டின் தரங்கள் 2025 இல்தான் வெளிவந்தன. இங்கிலாந்தில் பரிசோதகர்கள் ஒரு பாடசாலை முழுவதற்கும் ஒரே சொல்லில் தீர்ப்புக் கொடுக்கும் முறை பல காலம் இருந்தது. 2023 இல் ஒரு தலைமை ஆசிரியை உயிரை மாய்த்துக்கொண்டார். பரிசோதனையும் அந்த மரணத்துக்குக் காரணமாக இருந்தது என்று மரண விசாரணை முடிவு சொன்னது. அந்த ஒற்றைச் சொல் தீர்ப்பை 2024 செப்டம்பரில் கைவிட்டார்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வருவது இதைத்தான். டெக்சாஸில் கல்வி மாவட்டம் தானே ஆசிரியரை நியமிக்கிறது, தானே வரி வசூலிக்கிறது. தரம் குறைந்தால் அதனிடம் கேட்கலாம். நமது தோட்டப் பாடசாலையின் அதிபருக்கு ஓர் ஆசிரியரை நியமிக்கவும் முடியாது, இருப்பவரைப் போகாமல் நிறுத்தவும் முடியாது. கணித ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போன பிறகு பதில் ஆள் வராமல் தவணைகள் கழிந்ததை நான் அனுபவித்திருக்கிறேன். அந்தத் தவணைகளில் தரம் 10 பிள்ளைகளுக்கு நான் அலுவலக வேலையை இரவுக்குத் தள்ளிவைத்துவிட்டுக் கணிதம் கற்பித்தேன். அப்படி ஒரு பாடசாலைக்கு எஃப் கொடுத்தால் அந்த எழுத்து யாருடையது? ஆளை அனுப்பாதவருடையது. ஆகவே தரம் போடுவதாக இருந்தால் முதலில் மாகாணத்துக்குப் போடட்டும். எந்தப் பாடசாலையில் எந்தப் பாடத்துக்கு எத்தனை மாதங்கள் ஆள் இல்லை என்ற பட்டியலை ஆண்டுதோறும் பாடசாலை வாரியாக வெளியிடட்டும். கல்வி அமைச்சு எடுக்கும் வருடாந்தப் பாடசாலைக் கணக்கெடுப்பில் ஆசிரியர் விபரமும் கட்டட விபரமும் இருக்கத்தானே செய்கின்றன.

நமது பாடசாலைகளின் வரலாற்றையும் மறக்கக்கூடாது. நாட்டின் மற்றப் பிள்ளைகளுக்கு 1945 இல் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பெருமளவில் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களின் பிற்பகுதியில். அதுவரை ஓர் ஆசிரியர், ஒரு மடுவம் (கொட்டகை), தரம் 5 வரை படிப்பு என்பதுதான் நம் தாய் தந்தையரின் பாடசாலை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாமதமாக ஓட விடப்பட்டவர்களை மற்றவர்களோடு ஒரே கோட்டில் நிறுத்தி எழுத்துக் கொடுப்பதை நான் எதிர்ப்பேன்.

*

கேள்வி: உயர்தரம் எழுதியிருக்கிறேன். நுவரெலியா மாவட்டத்துக்கு இசட் வெட்டுப்புள்ளி கொழும்பைவிடக் குறைவு என்பதால், "உங்கள் பாடசாலைகள் தரம் குறைந்தவை, சலுகையில் உள்ளே வருகிறீர்கள்" என்று ஒரு நண்பன் சொன்னான். மனது வலித்தது.
– ஒரு மாணவி, இராகலை

பதில்: மகளே, இசட் புள்ளி பாடசாலையை அளப்பதில்லை. ஒரு பாடத்தில் நீ எடுத்த புள்ளியிலிருந்து, நாடு முழுவதும் அந்தப் பாடத்தை எழுதியவர்களின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்தால் வருவது அது. ஒரு பாடத்தின் வினாத்தாள் கடினம், மற்றது இலகு என்ற வேறுபாட்டைச் சமப்படுத்த 2001 முதல் பல்கலைக்கழக அனுமதிக்கு இதைப் பயன்படுத்துகிறார்கள்.

பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகை அடிப்படையில், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. அது அரசு தானே எழுதிக்கொடுத்த ஒப்புதல்: இந்த மாவட்டங்களுக்கு நாங்கள் போதிய வசதி கொடுக்கவில்லை என்பது. உனது மூளையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நண்பனிடம் அதைச் சொல்.

எனக்கு இந்த முறையில் குறையொன்று தெரிகிறது, அது வேறு. மாவட்டம் என்பது மிகப் பெரிய அலகு. ஆய்வுகூடமும் மூன்று பௌதிகவியல் ரியூசன் வகுப்புகளும் உள்ள நகரத்தில் படித்த பிள்ளையும், தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து படித்த பிள்ளையும் ஒரே நுவரெலியா ஒதுக்கீட்டுக்குப் போட்டியிடுகிறார்கள். இடங்கள் யாருக்குப் போகின்றன என்பதை மாவட்டச் சராசரி காட்டாது. தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்று தனியாக எண்ணி வெளியிட்டால்தான் தெரியும்.

உனக்குக் கிடைக்கும் இடத்தைத் தலை நிமிர்ந்து ஏற்றுக்கொள். அனுமதிக் கைந்நூலை ஒரு வரி விடாமல் வாசித்துப் பாடநெறிகளை ஒழுங்குபடுத்து. அந்த ஒழுங்கில் கவனமில்லாமல் நல்ல இடத்தை இழந்த பிள்ளைகள் உண்டு.

*

கேள்வி: எனது மகன் தரம் 11. கணிதத்தில் தவணைப் பரீட்சைகளில் 20க்கு மேல் எடுப்பதில்லை. இந்த முறை சாதாரண தரத்துக்கு விண்ணப்பிக்க வேண்டாம், வீட்டில் இருந்து அடுத்த ஆண்டு தனியாக எழுதட்டும், பாடசாலையின் வீதம் விழுந்துவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் படிக்காதவள். அவர்கள் சொல்வது சட்டமா?
– ஒரு தாய், தலவாக்கலை

பதில்: சட்டம் இல்லை, அம்மா. உங்கள் மகனுக்குப் பாடசாலைப் பரீட்சார்த்தியாக எழுத உரிமை இருக்கிறது. 16 வயது வரை பிள்ளை பாடசாலையில் இருக்கவேண்டும் என்று 2016 இல் அரசாங்கம் ஒழுங்குவிதி கொண்டுவந்தது. கணிதம் வராது என்பதற்காக ஒரு பிள்ளையை வீட்டுக்கு அனுப்பப் பாடசாலைக்கு அதிகாரம் இல்லை.

தனியாக எழுதுவதாக ஒத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். வீட்டுக்கு வந்த பிள்ளை அடுத்த ஆண்டு பரீட்சைக்குப் போவது அரிது. யாராவது கடை வேலைக்குக் கூப்பிடுவார்கள், போய்விடுவான். இந்த முறை அவன் எழுதட்டும். கணிதம் தவறினாலும் மற்றப் பாடங்களின் பெறுபேறு கையில் இருக்கும், கணிதத்தை மீண்டும் எழுதலாம். சாதாரண தரத்தில் தவறியவர்களும் தொழிற்பயிற்சியோடு தொடரக்கூடிய 13 ஆண்டு தொடர் கல்வித் திட்டம் 2017 முதல் தெரிவுசெய்யப்பட்ட பாடசாலைகளில் நடக்கிறது. அதற்கும் அவன் பரீட்சை எழுதியிருக்க வேண்டும்.

இந்த வாரமே போங்கள், ஏனென்றால் விண்ணப்பம் அதிபர் ஊடாகத்தான் போகவேண்டும், முடிவுத் திகதி தாண்டினால் யாராலும் உதவ முடியாது. முதலில் அதிபரை நேரில் பாருங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் தெரிந்தவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மரியாதையாகப் பேசுங்கள், அவருக்கும் மேலிருந்து நெருக்கடி இருக்கும். மறுத்தால், மறுப்பதாக எழுதித் தரும்படி கேளுங்கள். பெரும்பாலும் அந்த இடத்திலேயே விடயம் முடிந்துவிடும். முடியாவிட்டால் வலயக் கல்விப் பணிப்பாளருக்கு ஒரு கடிதம், கோட்டக் கல்விப் பணிப்பாளருக்கு ஒரு பிரதி. பிள்ளையின் பெயர், வகுப்பு, அனுமதி இலக்கம், எந்தத் திகதியில் யார் என்ன சொன்னார்கள் என்பது மட்டும் போதும். தமிழில் எழுதுங்கள், தமிழில் பதில் பெற உங்களுக்கு உரிமை உண்டு. உங்கள் பிரதியில் அலுவலகத்தின் திகதி முத்திரையை வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

எழுதித் தர ஆள் இல்லையென்றால் விபரங்களை இந்த இதழின் முகவரிக்கு உடனே அனுப்புங்கள். கடிதத்தை நான் எழுதித் தபாலில் அனுப்புகிறேன், நீங்கள் கையொப்பம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும்.